தராசுக் கேபிள்

கார்த்திகை பிறந்து முதல் சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி. கரடிப்பாறை தேயிலை எஸ்டேட், தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ் லைன், மூன்றாம் நம்பர் வீட்டு முன்னறையில் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர்.

ஜன்னலை ஒட்டி, வெளிச்சம் விழுகிற இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள் கலைமதி, வீட்டுக்கு ஒரே பெண். அவள் முன்னால் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். அதன் பேட்டரி செத்து இரண்டு வருஷமாகிறது. கரண்டு இருந்தால் உயிர், இல்லாவிட்டால் வெறும் பலகை. கலைமதிக்கு வலப்பக்கம், விரித்த சாக்கின் மேல் அவளுடைய தாய்மாமன் ரமேஷ்குமார், தேயிலை ஃபாக்டரியில் டிரையர் பார்க்கிறவன். ஐந்தடி எட்டங்குல ஆள், ஒரு சின்ன போனுக்கு முன்னால் இரண்டாக மடிந்து கிடந்தான். கட்டிலின் கால்மாட்டில் அடுத்த வீட்டு இசக்கியம்மா; மடியில் தூக்குப்போசி, அதில் தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும். பத்து வயதில் இலங்கையின் கண்டிப்பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள், நாக்கு மட்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கட்டிலின் தலைமாட்டில், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏகநாதன். எஸ்டேட்டில் அவருக்கு ரைட்டர் வேலை. பெண்கள் பறித்துக் கொண்டுவருகிற கொழுந்தை எடைபோட்டுப் பெயர்வாரியாகக் குறிப்பவர். முழுநீளத் தாளில் ஸ்கேலை வைத்து ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி வேணி உட்காரவில்லை. அடுப்படி வாசலில் டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். விடிகாலையிலிருந்து மழை வலுத்ததால் பன்னிரண்டு மணிச் சங்குக்குத்தான் இலை எடுக்க இறங்க வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதே பன்னிரண்டு மணிக்குத்தான் போஸ்ட்மேன் ரொனால்டும் ஸ்கூட்டரில் வருவான். சனிக்கிழமை அவன் ஒரே தடவைதான் வருவான்.

"இது ஏழாவது ஒயர் மாமா," என்றாள் கலைமதி. "போன்ல சார்ஜ் ஏறுது. லேப்டாப் கம்முனு இருக்குது."

"கழட்டித் திருப்பிக் குத்து அம்மிணி."

"மூணு பொந்துலயும் குத்தியாச்சு."

அந்தப் போனுக்குள் இருக்கிற ஒன்றே முக்கால் நிமிஷப் படம் இன்றைக்கு வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் கலைமதியின் வேலை போய்விடும். விஷயம் அவ்வளவுதான், ஆனால் அவ்வளவும் அதுதான்.

கோத்தகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கலைமதி வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். காலை ஏழரைக்கு டியூட்டி, சனிக்கிழமை மட்டும் வார லீவு. முதல் பஸ் கல்மேட்டு முக்கு வரைக்கும்தான் வரும். அங்கிருந்து திரும்பிப் போய்விடும். லைனிலிருந்து கல்மேட்டுக்கு மூன்று கிலோமீட்டர் ஏற்றம். விடியாத இருட்டில், தலையில் கட்டிய டார்ச்சோடு, வேணிதான் மகளைக் கொண்டுபோய் விடுவாள். போன மாதம் இரண்டு தடவை பாதை நடுவே காட்டெருமை நின்றது. அது நகர்கிற வரைக்கும் அம்மாவும் மகளும் தேயிலைச் செடிக்குள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். பஸ் போய்விட்டது. இன்னொரு தடவை கரடி. ஆஸ்பத்திரியில், "மூணு தடவை லேட்டு. நாலாவதுக்கு லெட்டர் வராது, ஆள்தான் மாறும்," என்று சொல்லிவிட்டார்கள். எருமையும் கரடியும் ரிஜிஸ்டரில் ஏறுமா?

பஸ்ஸைக் கீழ் லைன் வரைக்கும் விடுங்கள் என்று ஏகநாதன் எழுதிய மனுவுக்குப் பதில் வந்திருந்தது. 'மேற்படி இடத்தில் பேருந்தைத் திருப்பப் போதிய இடவசதி இல்லை எனத் தெரிய வருவதால்' என்று ஆரம்பித்து, எப்படி முடியுமோ அப்படி முடிந்திருந்தது.

ஆனால் திரும்பியிருக்கிறதே! ஐப்பசியில் ஒரு சாயங்காலம், கல்மேட்டில் பஸ் திரும்புகிற இடத்தில் கற்பூரமரம் ஒன்று சாய்ந்துவிட்டது. பின்னால் போகவும் வழியில்லாமல் டிரைவர் வண்டியைக் கீழேயே கொண்டுவந்து, கொழுந்து எடை போடுகிற ஷெட்டுக்கு முன்னாலிருக்கிற முற்றம் போன்ற வாசலில், முன்னும் பின்னுமாக மூன்றே முறிப்பில் திருப்பிக்கொண்டு போனார். மேல் கரையில் நின்ற வேணி அதைப் போனில் பிடித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை டிப்போவில் வழித்தடம் பற்றிக் கூட்டம். ஆதாரம் இருந்தால் இணைத்து அனுப்புங்கள், திங்கட்கிழமைக்குள் கையில் இருக்கணும் என்று அங்கே வேலை பார்க்கிற ஒரு கிளார்க் நல்ல மனதோடு சொல்லியிருந்தார்.

பிடித்ததெல்லாம் சரி. பிடித்த போன்தான் வில்லங்கம். அது வேணியின் பழைய போன். நத்தை மாதிரி ஊர்கிறதே என்று போன வருஷம் ரமேஷ்குமார் அதிலிருந்த கம்பெனி மென்பொருளை வழித்தெடுத்துவிட்டு, எங்கெங்கோ முகம் தெரியாத பிள்ளைகள் சேர்ந்து எழுதிச் சும்மா கொடுக்கிற ஒன்றை ஏற்றினான். கஸ்டம் ரோம் என்று அதற்குப் பேர். ஏற்றியபின் போன் குதிரையாய் ஓடியது. கேமரா பளிச்சென்று எடுத்தது. ஆனால் சிம்கார்டை அது மதிக்கவில்லை. வைஃபை, புளூடூத் இரண்டும் செத்தன. மெமரி கார்டு போடுகிற பொந்து அந்த மாடலிலேயே கிடையாது. போதாக்குறைக்குத் தேயிலைக் காட்டுப் படியில் விழுந்து, திரையின் இடப்பக்கம் கால்வாசி மை கொட்டினது போல் கறுத்துவிட்டது. உள்ளே இருப்பதை வெளியே எடுக்க ஒயர் ஒன்றுதான் வழி.

"ஏம்ப்பா டிரையரு," என்றாள் இசக்கியம்மா, "என்னமோ கஷ்டம்னு பேரு சொன்னியே. பேரு வைக்கும்போதே யோசிச்சிருக்கப்படாதா?"

"கஷ்டம் இல்லீங்க்கா, கஸ்டம்."

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது எனக்கு."

ரமேஷ்குமார் போனின் உள்ளே எங்கோ போய், ஒரே இடத்தில் விரலால் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு தடவை.

"என்ன செய்யற குமாரு?"

"ஏழு தட்டுத் தட்டினா நம்மள டெவலப்பர்னு ஒத்துக்கும் அக்கா. அப்புறம் உள்ள இருக்கற பூட்டெல்லாம் தொறக்கலாம்."

"சரி, ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கிச்சு. ஆனா லேப்டாப்புதான் என்னைய ஒத்துக்க மாட்டீங்குது."

வேணி டீயை ஊற்றி ஆளுக்கொரு டம்ளரும் ஒரு வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்தாள். ரமேஷ்குமார் வர்க்கியை டீயில் நனைத்துவிட்டு, நனைத்ததை மறந்து போனையே பார்த்தான். வர்க்கி உடைந்து டம்ளருக்குள் போயிற்று.

"இன்னொரு போன்ல இந்தப் போனைப் படம் புடிச்சா?" என்று கேட்டாள் வேணி.

"நேத்தே புடிச்சுப் பாத்தேன்மா," என்றாள் கலைமதி. "பாதி கறுப்பு, மீதி என்ற மூஞ்சி தெரியுது. பஸ்ஸு ஆவி மாதிரி போகுது. அதை அனுப்புனா, பேய் ஓட்டற வண்டிக்கெல்லாம் ரூட்டு கிடையாதுன்னு எழுதுவாங்க."

இசக்கியம்மா சிரித்த சிரிப்பில் தூக்குப்போசி மூடி கழன்று உருண்டது. ஏகநாதன் மட்டும் திரும்பவில்லை.

"படம் இல்லாட்டி என்ன?" என்றார் சுவரைப் பார்த்தபடி. "வாசல் நீளம் அகலம் எல்லாம் டேப்புல அளந்து எழுதியிருக்கறேன். நாப்பத்தெட்டு அடிக்கு முப்பத்தொண்ணு. படிச்சவங்களுக்கு அது போதும்."

"போன மனுலயும் அதைத்தானுங்க எழுதுனீங்க?" என்றாள் வேணி.

"போன தடவை அடியில எழுதினேன். இப்ப மீட்டர்லயும் எழுதியிருக்கறேன்."

வேணி அவர் முதுகைப் பார்த்தாள். இருபத்துமூன்று வருஷம் பார்த்த முதுகு. ஒரு காரியத்துக்கு அவசரம் என்றால் அந்த முதுகு முன்னால் குனியும். இன்றைக்கு அது மழையில் நிற்கிற மாடு மாதிரி அசையாமல் இருந்தது. இது என்ன வினோதம் என்று நினைத்தாள். மகளுக்கு வேலை கிடைத்த அன்று ஷெட்டில் நின்ற அத்தனை பேருக்கும் மிட்டாய் கொடுத்த மனுஷன்!

"கடைசியா ஒரு வழி இருக்குது," என்றான் ரமேஷ்குமார். தலையைச் சொறிந்தான். "நான் ஏத்துனதுலதான் எங்கியோ கோளாறு. போன்லயே எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினா, லேப்டாப்பு கண்டிப்பாக் கண்டுக்கும்."

"அழிச்சுட்டுன்னா?"

"அழிச்சுட்டுத்தான்."

"உள்ள இருக்கற படம்?"

ரமேஷ்குமார் டம்ளரில் கரைந்த வர்க்கியைப் பார்த்தான். "அது போயிருங்க்கா."

வேணி வந்து, அவன் கையிலிருந்த போனை எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். "பஸ்ஸு தெரியோணும்னு பஸ்ஸையே அழிக்கறவன இன்னைக்குத்தான் பாக்கறேன். உன்ற டிரையர்ல தூள் தீயுதுன்னா தீயை அணைப்பியா, ஃபாக்டரிய இடிப்பியா?"

"கேக்காம செய்ய மாட்டேன் அக்கா."

"கேட்டாலும் செய்யாத."

அவள் தரையில் கிடந்த ஏழு ஒயர்களையும் அள்ளினாள். ஒவ்வொன்றும் எதோடு வந்தது என்று அவளுக்குத் தெரியும். கரண்டு போகும்போது எரிகிற எமர்ஜென்சி விளக்கோடு வந்தவை இரண்டு. எருமைக்காக வாங்கின தலை டார்ச்சுகளோடு மூன்று. கலைமதியின் கால் சூடு பண்ணுகிற பையோடு ஒன்று. ஸ்பீக்கரோடு ஒன்று. போன்களோடு வந்த ஒயர்கள் எப்போதோ அறுந்து போய்விட்டன. இந்த மலையில் எந்த வீட்டில் தேடினாலும் இந்த ஒயர்கள்தான் கிடைக்கும். மழையும் இருட்டும் வாங்க வைத்த சாமான்கள்.

டார்ச் ஒயர் ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டே நின்றவளுக்கு, சித்திரை மாதத்து ஒரு ராத்திரிச் சாப்பாடு ஞாபகத்துக்கு வந்தது. அவரைக்கொட்டைக் குழம்பு. ஏகநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே புலம்பினார். கொழுந்துத் தராசின் எலக்ட்ரானிக் பெட்டியிலிருந்து அன்றைய எடையையெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றப் போனால், அதற்குரிய கேபிளை ஷெட்டிலேயே மறந்துவிட்டாராம். பையில் கிடந்த டார்ச் ஒயரைக் குத்தினாராம். பெட்டியில் விளக்கு எரிந்தது, எடை மட்டும் போகவில்லை. மூன்று மணி நேரம். கடைசியில் ஆபீஸ் பையன் வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது சோறு போடற ஒயரு. பேசற ஒயரு வேற," என்றானாம். டார்ச்சுக்குக் கொடுக்கிற ஒயருக்குள் கரண்டு போகிற கம்பி இரண்டு மட்டும்தான் இருக்குமாம். சேதி போகிற கம்பியை வைப்பதே இல்லையாம்.

"குமாரு," என்றாள் வேணி. "உன்ற கஸ்டத்துமேல தப்பு இல்ல. ஏழும் சோத்து ஒயரு."

"என்னது?"

அவள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ரமேஷ்குமார் எழுந்து நின்றுவிட்டான். தலை தாழ்வான கூரைத் தகரத்தில் இடித்தது. "அட கடவுளே! கேபிள்! ஒரு நாள் பூரா என்ற ரோமைத் திட்டுனீங்களே எல்லாரும்! நானே திட்டுனேனே!"

வேணி தலைமாட்டுப் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க."

ஸ்கேல் நின்றது.

"நீங்கதான எனக்கு இதைச் சொன்னது? காலைல இருந்து ஏழு ஒயரையும் மாத்தி மாத்திக் குத்தறாங்க. பக்கத்துலயே உக்காந்துட்டு வாயத் தொறக்கலியே?"

"மறந்துட்டேன்."

"ஆடிப்பெருக்கன்னிக்கு எத்தன கிலோ எடுத்தேன்னு கேட்டா இப்பவும் சொல்லுவீங்க. இது மறந்துருச்சுங்களா?"

"முப்பத்திநாலு," என்றார் ஏகநாதன் தன்னையறியாமல். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேணி, அந்தக் கேபிள் கம்பெனி சொத்து. ஷெட்டைத் தாண்டி வெளிய வரக்கூடாது. ரூல்."

"வர வேண்டாம்."

"அப்புறம்?"

"கேபிள் ஊட்டுக்கு வரக்கூடாது. ஊடு கேபிள்கிட்டப் போகக்கூடாதுன்னு ரூல் இருக்குதுங்களா?"

இசக்கியம்மா ரொட்டித் தூக்கை மூடினாள். "ரைட்டரய்யா, மாட்டுனீங்க," என்று எழுந்தாள்.

மணி பதினொன்று ஐந்துக்கு வீடு கிளம்பியது. மழை தூறலாய் இறங்கியிருந்தது. பனிமூட்டம் தேயிலை மட்டத்துக்கு வந்து படுத்திருந்தது. முன்னால் ரமேஷ்குமார், லேப்டாப்பைச் சட்டைக்குள் விட்டு, கர்ப்பிணி மாதிரி இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கியபடி. மேலே இசக்கியம்மா தன் படங்கை விரித்துப் பிடித்தாள். இலை எடுக்கும்போது நனையாமலிருக்க இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் அது. அவள் கை எட்டாததால் அவன் முழங்காலை மடக்கி நடக்க வேண்டியிருந்தது. பின்னால் கலைமதி சார்ஜரோடும் பென்டிரைவோடும். வேணி இடுப்பில் போன். கடைசியில் ஏகநாதன், மனுவைப் பாலிதீன் பைக்குள் போட்டு, குடையைத் தனக்குப் பிடிக்காமல் அதற்குப் பிடித்துக்கொண்டு.

"யாருக்குடி கல்யாணம்?" என்று ஒரு வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பஸ்ஸுக்கு!" என்றாள் இசக்கியம்மா.

ஷெட்டில் சங்குக்குக் காத்திருந்த பெண்கள் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஈரக் கம்பளி வாசமும் நேற்றைய கொழுந்தின் பச்சை வாசமும் கலந்து கிடந்தன. நடுவில் இரும்பு முக்காலி, அதில் தொங்குகிற தராசு. ஏகநாதன் இடுப்புச் சாவியால் சாமான் பெட்டியைத் திறந்து, அதற்குள்ளிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, அதற்குள்ளிருந்த மஞ்சள் துணியைப் பிரித்தார். தடித்த கறுப்புக் கேபிள் ஒன்று வெளியே வந்தது.

"சாமி நகை கெட்டது," என்று முணுமுணுத்தான் ரமேஷ்குமார்.

தராசுப் பெட்டி சார்ஜ் போடுகிற இடத்தில் லேப்டாப்பை மாட்டினார்கள். அது விழித்து, முனகி, தன்னைத் தயார் பண்ணிக்கொள்ள ஆறு நிமிஷம் எடுத்தது. கலைமதி கேபிளின் ஒரு முனையை லேப்டாப்பில் குத்தினாள், மறுமுனையைப் போனில்.

டிங்.

சின்னச் சத்தம்தான். ஆனால் ஷெட்டே "ஏய்!" என்றது. ரமேஷ்குமார் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"பேசுது! பேசுது!"

திரையில் போனின் பெயர் வந்தது. பெட்டியில் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயர் இல்லை, 'சுறா' என்று வேறு என்னமோ. "அது செஞ்சவங்க இந்த மாடலுக்கு வெச்ச செல்லப்பேரு," என்றான் ரமேஷ்குமார், தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல. கலைமதி சுறாவைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. வெள்ளை.

"காலியா இருக்குதே!" என்று திரையருகே குனிந்தாள் வேணி.

"இல்லம்மா. ஆளு வந்துருக்குது, கதவு தொறக்கல. சார்ஜ் மட்டும் போதுமா, ஃபைலும் குடுக்கட்டுமான்னு போன் நம்மளக் கேக்கும். கேட்ட இடம்..." கலைமதி போனைத் திருப்பிக் காட்டினாள். கேள்வி வந்திருந்தது. ஆனால் பதில் சொல்ல வேண்டிய வரிகள் எல்லாம் இடப்பக்கத்துக் கறுப்புக்குள் கிடந்தன.

"என்ற போன்லயும் இதே ரோம்தான்," என்றான் ரமேஷ்குமார். தன் போனை எடுத்து அதே பக்கத்தைத் திறந்து, இதன் பக்கத்தில் வைத்தான். "என்றதுல மேலிருந்து ரெண்டாவது வரி. அங்கியும் அதேதான் இருக்கோணும். சுண்டுவிரலால அமுக்கு அம்மிணி, கட்டைவிரல் ரெண்டு வரிக்கு நிக்கும்."

கலைமதி ரத்தம் எடுக்கிறவள். கண்ணுக்குத் தெரியாத நரம்பை விரலால் தொட்டே கண்டுபிடிக்கிற கை. சுண்டுவிரலைக் கறுப்பின் மேல் மெல்ல நகர்த்தி, நிறுத்தி, ஒரு அமுக்கு அமுக்கினாள்.

வெள்ளைத் திரையில் மஞ்சள் மஞ்சளாய்க் கோப்புறைகள் பொல பொலவென்று வந்து விழுந்தன.

இந்தத் தடவை சத்தம் மேல் லைனுக்கே கேட்டிருக்கும். வேணி மகளின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள். "போடு, போடு, பஸ்ஸப் போடு!" என்று பின்னாலிருந்து பத்துக் குரல்கள். ஏகநாதன் மட்டும் கதவோரமாய் நகர்வதை வேணி ஓரக்கண்ணில் பார்த்தாள்.

படம் ஓடியது. பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்கு. பஸ் வாசலுக்குள் மூக்கை நுழைக்கிறது. வலது கோடியில் பள்ளத்தின் விளிம்பில் பெண்கள் வரிசையாய் நின்று கையை ஆட்டுகிறார்கள்: "வரலாம் வரலாம்! போதும்! ஒடி, ஒடி!" கண்ணாடியில் பனி அப்பியிருக்கிறது, டிரைவர் முகம் தெரியவே இல்லை. அப்பாடா என்றாள் வேணி. ரூட்டை மீறி வந்த மனுஷன், அவருக்கு வம்பு வரக்கூடாது என்று அவளுக்கு ஒரு பயம் இருந்தது. முதல் முறிப்பு. இரண்டாவது முறிப்பு. பஸ் பின்னால் வருகிறது, வருகிறது, ஷெட்டுக்குள் இடித்துவிடும் போல...

அப்போதுதான் எல்லோரும் இடப்பக்கத்தைப் பார்த்தார்கள். போன் திரையில் ஒருநாளும் தெரியாத, அன்றைக்குப் பஸ்ஸும் பனியும் மறைத்த அந்தக் கால்வாசி.

எடை போடுகிற முக்காலி ஷெட்டின் வாய்க்கு வெளியே நின்றிருந்தது. தராசில் கொழுந்து மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட ஒரு ஆள், வேட்டியை மடித்துக் கட்டி, முக்காலியின் இரண்டு காலைக் கட்டிப்பிடித்து மூட்டையோடு சேர்த்து உள்ளே இழுக்கிறார். மூன்றாவது காலைப் பிடித்திருக்கிறது ஒரு கிழட்டுப் படங்கு. இழுத்து வைத்ததும் அந்த ஆள் ஓடிவந்து பஸ்ஸின் பின்பக்கத் தகரத்தைப் படபடவென்று தட்டி, "வாங்க! வாங்க! இன்னும் ரெண்டடி இருக்குது!" என்று குதிக்கிறார். நிஜமாகவே குதிக்கிறார். வேட்டி அவிழ்கிறது, அதையும் பிடித்துக்கொண்டு குதிக்கிறார்.

படம் நின்றது.

எடை நடந்துகொண்டிருக்கும்போது தராசைத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது. அந்த எஸ்டேட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த ரூல் அது. ஒருத்தி தெரியாமல் முக்காலியில் சாய்ந்ததற்கே ஏகநாதன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்திருக்கிறார்.

முதலில் இசக்கியம்மாதான் வாயைத் திறந்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்ல. நானுந்தானே ஒரு காலப் புடிச்சேன். வெளிய சொல்லிராதீங்கன்னாரு, சொல்லல."

பிறகு சிரிப்பு வெடித்தது. தகரக் கூரைமேல் மழை விழுந்ததா சிரிப்பு விழுந்ததா தெரியவில்லை. "ரைட்டர் டான்ஸு இன்னொருக்காப் போடு கலை!" என்று கத்தினார்கள். கலைமதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, நீங்களா!"

வேணி கதவோரம் போனாள். "இதுக்குத்தானா?" என்று மெல்லக் கேட்டாள்.

ஏகநாதன் தரையைப் பார்த்தார். "இருபத்தாறு வருஷம் வேணி. ஒரு மெமோ வாங்குனதில்ல. படம் போனா அவங்க பாப்பாங்க, நம்ம ஆபீசும் பாக்கும். அந்தப் போன் தொறக்காமயே போயிட்டா நல்லதுன்னு ஒரு மனசு. இவ வேலைக்குப் போகோணும்னு ஒரு மனசு. ரெண்டுக்கும் நடுவுல ஸ்கேல வெச்சுக் கோடு போட்டுட்டு உக்காந்திருந்தேன்."

"அன்னிக்கு எதுக்குங்க நகர்த்துனீங்க?"

"பின்ன, பஸ்ஸு இடிச்சுருமில்ல? அதுவுமில்லாம..." அவர் கண்ணாடியைச் சரி பண்ணினார். "வண்டி நம்ம வாசல்ல திரும்பறதப் பாத்தா, கை சும்மா இருக்குமா?"

"படத்துல இடப்பக்கத்த வெட்டிரலாங்க மச்சான்," என்றான் ரமேஷ்குமார். "நிமிஷ வேலை."

ஏகநாதன் லேப்டாப்பின் பக்கத்தில் வந்து குனிந்தார். முதுகு முன்னால் வளைவதை வேணி பார்த்தாள். நின்றுபோன படத்தில் பஸ்ஸின் பின்பக்கத்துக்கும் ஷெட்டின் தூணுக்கும் நடுவே இருந்த இடத்தை விரலால் அளந்தார்.

"வெட்டுனா இந்த ரெண்டடியும் போயிரும்," என்றார். "அவங்க கேக்கறதே இந்த ரெண்டடியத்தான். இருக்கட்டும்."

மணி பதினொன்று நாற்பது. அவர் சாமான் பெட்டியை மேசையாக்கி, மனுவின் கடைசித் தாளில், போட்டு வைத்திருந்த ஓரக்கோட்டுக்குள் எழுத ஆரம்பித்தார். எழுத எழுத வாய்விட்டுப் படித்தார். அதுதான் அவர் வழக்கம்.

"'இணைப்பு ஒன்று: மேற்படி இடத்தில் பேருந்து திரும்புவதைக் காட்டும் காணொளி, ஒரு நிமிடம் நாற்பத்தைந்து நொடி. படத்தில் எடை முக்காலியை நகர்த்துபவன் இம்மனுவை எழுதும் நானே. எடை நடக்கையில் அதை நகர்த்தியது விதிக்குப் புறம்பானது என்பதை அறிவேன். பேருந்து சென்றபின் முக்காலி அதே இடத்தில் வைக்கப்பட்டு, ஐந்து கிலோ படிக்கல்லால் சரிபார்க்கப்பட்டு, எடை குறையவோ கூடவோ இல்லை என உறுதி செய்யப்பட்டது. காலையில் பேருந்து வரும் வேளையில் எடை நடப்பதில்லையாதலால், முக்காலி உள்ளேயே இருக்கும். ஆகவே, பின்பக்கம் இரண்டடி எப்போதும் மீதமுண்டு. நகல்: எஸ்டேட் மேனேஜர் அவர்களுக்கு.'"

"என் பேரு?" என்றாள் இசக்கியம்மா.

"உங்க பேர எதுக்குங்க? வம்பு."

"ஒரு கால் நான் புடிச்சேன். மூணு காலையும் நீங்களே புடிச்ச மாதிரி எழுதப்படாது. அது பொய்க் கடுதாசி."

ஏகநாதன் இடைவெளியில் ஒரு அம்புக்குறி போட்டு எழுதினார்: 'மூன்றாவது காலைப் பிடித்தவர் கொழுந்து எடுக்கும் தொழிலாளி இசக்கியம்மா.' அவள் எட்டிப் பார்த்து, எழுத்துத் தெரியாவிட்டாலும் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள்.

கலைமதி படத்தைப் பென்டிரைவில் ஏற்றினாள். ஒரு தடவை கழற்றி, மறுபடி குத்தி, ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது, அந்தச் சாக்கில் பெண்கள் டான்ஸை இன்னொரு தடவை பார்த்தார்கள். ஃபாக்டரி டீத்தூள் பாக்கெட்டின் வெள்ளித்தாளில் அதைச் சுற்றி, வர்க்கி அட்டையில் வைத்து, மனுவோடு கவருக்குள் இறக்கினாள் வேணி. கேபிளை ஏகநாதன் துடைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, டப்பாவில் வைத்து, டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பூட்டியபின் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

ரொனால்டின் ஸ்கூட்டர் வந்தபோது மணி பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம். "என்னங்க, ஷெட்டுல விருந்தா?" என்றான். இசக்கியம்மா அவன் கையில் ஒரு ரொட்டியைக் கட்டச்சம்பலோடு வைத்தாள். முதல் கடியிலேயே அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது.

"காரமா?"

"இல்லக்கா, சந்தோஷம்."

"ஸ்பீட் போஸ்ட். திங்கட்கிழமை சேரோணும்," என்றாள் வேணி.

"சேரும். பசை காஞ்சிருக்கா? மழைல வாய் திறந்துக்கும், பாத்துக்கங்க."

ஏகநாதன் கவரின் வாயில் பசையைத் தடவி மடித்து, கீழே வைத்து, அதன் மேல் ஐந்து கிலோ படிக்கல்லைத் தூக்கி வைத்தார். இருபது பேரும் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரொட்டி தீர்கிற நேரம் வரைக்கும் அது உட்கார்ந்திருந்தது. பிறகு அவர் கல்லை எடுத்துவிட்டு, கவரை வேணியிடம் நீட்டினார். "படம் புடிச்சது நீதான். நீயே குடு."

வேணி அதை இரண்டு கையாலும் பிடித்து ரொனால்டிடம் கொடுத்தாள். அவன் பைக்குள் போட்டு, வாரை இழுத்து மாட்டினான். சரியாக அப்போது சங்கு ஊதியது. பெண்கள் படங்கைக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள்; ஆனால் யாரும் காட்டுக்குள் இறங்கவில்லை. ரொனால்ட் ஸ்கூட்டரைக் கிளப்பி, வந்த வழியே திரும்புவதற்காக வாசலில் வளைத்தான்.

"வரலாம் வரலாம்!" என்றாள் இசக்கியம்மா.

"ஒடி, ஒடி! லெஃப்ட்ல ஒடி!" பத்துப் பேர்.

"பள்ளம் பாத்து! போதும்! முன்னால போ!" இருபது பேர்.

சிரிப்பில் ஹாண்டில் ஆட, ஒரே வளைப்பில் திரும்பியிருக்க வேண்டிய ஸ்கூட்டரை, ரொனால்ட் மூன்று முறிப்பில் திருப்பினான். ஏகநாதன் முக்காலியைத் தாண்டி வெளியே வந்தார். மழையில் நனைந்துகொண்டே ஸ்கூட்டரின் பின்னால் போய், அதன் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்! போலாம்!"

தபால் பை பனிக்குள் ஏறிப் போயிற்று.